எழுத்தர்க்கு ஒரு முறை, அமைச்சர்க்கு ஒரு முறையா?

2025-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 20-ஆம் நாள், நடுவணரசின் உள்துறை அமைச்சர் அமித் சா, அரசியலமைப்புச் சட்டத்தின் 130-ஆம் திருத்த முன்வரைவை மக்களவையில் கொணர்ந்தார். ஐந்தாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றஞ் சாட்டப்பெற்றுத் தளைப்படுத்தப்பட்டு, தொடர்ந்து முப்பது நாள்கள் காவலில் இருக்கும் அமைச்சர் எவராயினும், அவர் தலைமையமைச்சரே ஆயினும், முதலமைச்சரே ஆயினும், முப்பத்தோராம் நாள் பொறுப்பிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பதே அம் முன்வரைவின் பிழிவு. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நயன்மன்றம் குற்றச்சாட்டை வரைந்திருக்க வேண்டும் என்பதுங்கூட இல்லை. தளையும் முப்பது நாளுமே போதும்.

இரண்டு நாள் கழித்துப் பீகார் மாநிலத்துக் கயை நகரில் பேசிய தலைமையமைச்சர் மோடி அதற்கொரு விளக்கமும் தந்தார். அரசு ஊழியர் ஒருவர், அவர் ஓட்டுநரோ எழுத்தரோ ஏவலரோ, ஐம்பது மணிநேரம் சிறையிலிருந்தால் தாமாகவே வேலையை இழந்துவிடுகின்றார். முதலமைச்சரோ அமைச்சரோ சிறைக்குள்ளிருந்தே ஆட்சியின் நலன்களை எல்லாம் துய்க்கலாமா என்பது அவர் கேள்வி.

கேள்வி நல்ல கேள்விதான். ஆள்வோரை நோக்கி எளிய மக்கள் பலகாலமாகக் கேட்டுவரும் கேள்வியும் ஆகும். ஆனால் அதற்கு அவர் கண்ட விடை இருக்கின்றதே, அதுதான் நம்மை எழுதத் தூண்டியது. எழுத்தர் ஒருவர் குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன்பே தண்டிக்கப்படுகின்றார் என்பதை நாட்டின் தலைமையமைச்சரே மேடையில் ஒப்புக்கொள்கின்றார். ஒப்புக்கொண்டவர், ‘அஃது அவருக்கு முறைதானா?’ என்று ஒரு நொடியேனும் எண்ணிப் பார்த்தாரா? இல்லை. அந்தக் கொடுமையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, அதனால் அமைச்சரையும் அளக்கப் புகுந்தார். ஒருவன் காலில் விலங்கு பூட்டியிருக்கக் கண்டவன், அதனைக் கழற்ற முனையாமல், அடுத்தவன் காலிலும் ஒன்றைப் பூட்டிவிட்டுச் சமன்மை கண்டேன் என்று மார்தட்டுவது போன்றது இது.

அந்த எழுத்தரின் நிலையை முதலிற் பார்ப்போம். அமைச்சரைப் பற்றிப் பேசப் பல ஏடுகள் உள்ளன; எழுத்தரைப் பற்றிப் பேச எவருளர்?

தமிழ்நாட்டுக் குடிமைப்பணி (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளில் பதினேழாம் விதி என்பது அரசு அலுவலகங்களில் இருப்போர் அனைவரும் அறிந்ததே. 17(அ) என்றால் சிறு தண்டனை. 17(ஆ) என்றால் பெருந்தண்டனை. 17(உ) என்றால் இடைநீக்கம். இந்த 17(உ)-வின் ஓர் உட்பிரிவு, குற்றச்சாட்டினாலோ பிறவாற்றாலோ நாற்பத்தெட்டு மணிநேரத்திற்கு மேல் காவலில் வைக்கப்பட்ட அரசு ஊழியர் இடைநீக்கம் செய்யப்பட்டவராகவே கொள்ளப்படுவார் என்கின்றது. நடுவணரசு ஊழியர்க்கான 1965-ஆம் ஆண்டு விதிகளிலும் இதே நாற்பத்தெட்டு மணிநேரந்தான் உள்ளது. தலைமையமைச்சர் சொன்ன ஐம்பது மணியில் இரண்டு மணி பிழை. வேலை உடனே போய்விடுவதில்லை, இடைநீக்கந்தான் நேர்கின்றது என்பது மற்றொரு பிழை. ஆனால் பாதி ஊதியத்தில் ஆண்டுக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரைக் கேட்டால், வேலை போவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடொன்றும் இல்லை என்றுதான் சொல்வார்.

இவ்விதியில் அலுவலகத்தோடு தொடர்புடைய குற்றமா என்னும் கேள்விக்கு இடமில்லை. ஊர்ப் பொதுக்கிணற்றுச் சண்டையாகவோ, உடன்பிறந்தாரிடையே வரப்புத் தகராறாகவோ இருக்கலாம், மேலதிகாரி தம் மூளையைச் செலுத்தி எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை, கடிகாரமே தீர்ப்பெழுதிவிடும். இதனை நன்கறிந்தோர் சிலர் இருக்கின்றனர். வெள்ளிக்கிழமை மாலையில் ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால், பிணை வேண்டி எழுதிய மனு திங்கட்கிழமைக்கு முன்பு நயன்மன்றத்தில் எடுத்துக்கொள்ளப்படுவது அரிது. இரண்டு இரவுகள் கழிந்தால் விதி தானே வந்து கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பகைவனொருவனின் பணமும் காவல்நிலையத்தில் ஒருவரின் இசைவும் இருந்தால், எந்த அரசு ஊழியரையும் நயன்மன்றத்தின் வாயிலை மிதியாமலே தண்டிக்க முடியும் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள்.

‘இடைநீக்கம் தண்டனை அன்று, உசாவல் தடையின்றி நடைபெறுவதற்கான ஏற்பாடு மட்டுமே’ என்று சட்டநூல் வல்லார் கூறுவர். ஏட்டில் அது மெய்யே. தெருவில் அது பொய். இடைநீக்கம் பெற்றவரின் பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்குகின்றார்கள். மளிகைக் கடைக்காரர் கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்கின்றார். ஓய்வு பெறவேண்டிய நாளன்று மாலையில் ஆணையைக் கொடுத்து, ஓய்வே பெறவிடாமல் நிறுத்திவைப்பதும் நாம் கண்டு பழகிய செயல்தான். 2015 பிப்பிரவரி 16-ஆம் நாள் உச்ச நயன்மன்றம், குற்றச்சாட்டுக் குறிப்பாணையே கொடுக்காமல் மூன்று திங்களுக்கு மேல் ஒருவரை இடைநீக்கத்தில் வைத்திருத்தல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் அத் தீர்ப்பின் படியைக் கையில் வைத்துக்கொண்டு உயர் நயன்மன்றப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் எத்துணைப் பேர்!

மெய்ப்பிக்கப்படும் வரை எவரும் குற்றமற்றவரே என்று கொள்ளுதல் நயன்மையின் முதற்படி. இதனைக் குற்றமின்மைத் துணிபு என்போம். கொலை செய்தான் என்று பிடிக்கப்பட்டவனுக்கும் இத் துணிபு உண்டு. ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டிய கடன் அரசினுடையது. ஆனால் அதே மாந்தன் தான் வேலை செய்யும் இடத்திற்குள் நுழைந்ததும் இத் துணிபை வாயிற்காப்போனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டியுள்ளது. துறை உசாவலில் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தல் வேண்டா. பெரும்பாலும் அவ்வாறுதான் நடந்திருக்கும் என்று தோன்றினாலே போதும். சான்றுச் சட்டத்தின் கட்டுப்பாடுகளும் அங்கே முழுமையாகச் செல்லா. குற்ற வழக்கில் விடுதலை பெற்றுவந்தாலும் துறை தன் தண்டனையைத் தானே வழங்கலாம்.

1977-ஆம் ஆண்டு உச்ச நயன்மன்றத்தின் முன் அரியானா மாநிலத்துப் பேருந்து நடத்துநர் ஒருவரின் வழக்கு வந்தது. கட்டணத்தை வாங்கிக்கொண்டு பயணச்சீட்டைக் கொடுக்கவில்லை என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. கட்டணம் கொடுத்த பயணியருள் ஒருவரையேனும் துறை உசாவலில் நிறுத்தவில்லை. அவர்கள் சொன்னதாகச் சோதனையாளர் சொன்னதே சான்று. உழைப்பாளர்பால் பெரும்பரிவு காட்டியவர் எனப் பெயர் பெற்ற கிருட்டிண ஐயரே, ‘சிறிதளவு சான்று இருந்தாலும் போதும்’ என்று அந்நீக்கத்தை நிலைநிறுத்தினார். ஓடும் பேருந்தில் ஏறி இறங்கும் பயணியரைத் தேடிப் பிடித்துக் கொணர்தல் எளிதன்று என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அன்று திறந்த அந்தச் சிறு வாயிலின் வழியாக எத்துணை நடத்துநர்கள் வெளியே தள்ளப்பட்டனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நடத்துநரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துத் துறை அமைச்சர் ஒருவரைப் பற்றியும் பின்னே பேசவேண்டியுள்ளது.

துறை உசாவலின் அடிப்படைக் கோணலே வேறோர் இடத்தில் உள்ளது. குற்றஞ் சாட்டுபவர் வேலை கொடுப்பவர். உசாவுபவரை அமர்த்துபவரும் அவரே. தீர்ப்பெழுதித் தண்டிப்பவரும் அவரே. கோவலன் கதை தெரியாத தமிழன் இல்லை. சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே குற்றஞ் சாட்டுபவனாகவும், காவலர்க்கு வழிகாட்டுபவனாகவும் இருந்தான். மன்னன் ஒரு சொல் உசாவவில்லை. இற்றைத் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும், தன் களவை மறைக்க எளியவன் தலையில் பழியைப் போடும் பொற்கொல்லர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அக் கதையின் மறுபாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம். தவறு நேர்ந்ததென்று தெரிந்த கணமே பாண்டியன் அரியணையிற் கிடந்து மாய்ந்தான். ‘என்மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, மேல்முறையீடு செய்வேன்’ என்று அவன் சொல்லவில்லை. வணிகன் மகனுக்கு ஓர் அளவுகோல், ஆள்பவனுக்கு அதனினும் கடிய அளவுகோல் என்பதுதான் அக் காப்பியம் எழுந்த மண்ணின் முறை. இற்றைநாள் ஆட்சியில் அது தலைகீழாய் நிற்கின்றது.

ஒரு வழக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோலார் தங்கவயல் தமிழர்தம் குருதியும் வியர்வையும் புதைந்த மண். அங்கு அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கத்தில் பாதுகாப்பு அலுவலராய் இருந்த ஒருவரின் வீட்டில் 1985 சூன் 2-ஆம் நாள் காவல்துறை சோதனையிட்டது. நாலரைக் கிராம் எடையுள்ள பொன்னுருண்டை ஒன்றும், பொன் கலந்த மணல் 1,276 கிராமும் கிடைத்தன என்றனர். மறுநாளே இடைநீக்கம். அதற்கு மறுநாள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஒருபுறம் குற்ற வழக்கு, மறுபுறம் துறை உசாவல். குற்ற வழக்கு முடியட்டும் என்று அவர் வேண்டினார், ஏற்கவில்லை. பிழைப்பூதியம் ஒரு காசும் கொடுக்கவில்லை. கேரளத்தில் இருந்த தம் வீட்டிலிருந்து கோலாருக்கு வந்து உசாவலில் நிற்க அவர் கையில் பணமில்லை, உடல்நலமும் கெட்டிருந்தது. அவர் இல்லாமலே உசாவல் நடந்தது. 1986 சூனில் பணிநீக்கம் செய்தனர். எட்டே திங்களில், 1987 பிப்பிரவரி 3-ஆம் நாள், குற்றவியல் நயன்மன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தச் சோதனையும் அந்தக் கைப்பற்றலும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பு.

வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் கேட்டார். நிறுவனம் மறுத்தது. உயர் நயன்மன்றத்தின் ஒருவர் அமர்வில் வென்றார். இருவர் அமர்வில் தோற்றார். இறுதியாக 1999 மார்ச்சு 30-ஆம் நாள் உச்ச நயன்மன்றம் அவருக்குப் பணியையும் நிலுவை ஊதியத்தையும் கொடுக்குமாறு ஆணையிட்டது. ஒரே சோதனை, ஒரே சான்றாளர்கள்; அச் சான்றை நயன்மன்றம் பொய்யென்று தள்ளிய பின்பு அதையே வைத்துத் துறை தண்டிப்பது முறையன்று என்றது. பிழைப்பூதியம் கொடாமல் ஒருவரை உசாவலுக்கு வரச் சொல்வது, காலை ஒடித்துவிட்டு ஓடச் சொல்வது போன்றது என்னும் கருத்தும் அத் தீர்ப்பின் உள்ளுறை. நன்று. ஆனால் இடையில் கழிந்தவை பதினான்கு ஆண்டுகள். வெற்றி வந்து சேர்ந்த இரண்டாண்டுக்குள், 2001-இல், அச் சுரங்கமே மூடப்பட்டுவிட்டது!

பிழைப்பூதியம் என்று சொன்னோம். இன்னொரு மாநிலத்தில், மராட்டியத்தில், தண்டனை பெற்று மேல்முறையீடு செய்திருக்கும் ஊழியர்க்குத் திங்களுக்கு ஓர் உருபா பிழைப்பூதியம் என்று ஒரு விதியே இருந்தது! உருபா ஒன்று! 1983-இல் உச்ச நயன்மன்றம் அதை வெட்டி எறிந்தது. எறியும்வரை அதை எழுதியவர்களும் அதற்குக் கையொப்பமிட்டவர்களும் ஒருவேளை உணவைக்கூட இழந்திருக்க மாட்டார்கள்.

இனி ஆள்வோர் பக்கம் திரும்புவோம்.

1956 நவம்பரில் அரியலூருக்கருகே வெள்ளம் பாலத்தை அரித்துத் தூத்துக்குடி விரைவுத் தொடர்வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொடர்வண்டித் துறை அமைச்சராயிருந்த இலால் பகதூர் சாத்திரி பொறுப்பு விலகினார். பாலத்தை அவரா அரித்தார்? அவர் மீது எந்த வழக்கும் இல்லை, எவரும் தளைப்படுத்தவில்லை. 1958-இல் முந்திரா ஊழல் வெடித்தது. வாழ்நாள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஒன்றேகால் கோடி உருபா அளவுக்கு ஒரு தனியாளின் நிறுவனப் பங்குகளில் கொட்டப்பட்டது. சாக்ளா என்னும் நயன்மன்றத் தலைவர் ஒருவராகவே அமர்ந்து உசாவி, செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் என்றார். நிதியமைச்சர் டி.டி. கிருட்டிணமாச்சாரி விலகினார். விலகியதால் அவர் வீட்டில் உலை கொதிக்காமல் போகவில்லை. 1962-இல் மீண்டும் அமைச்சரவையில் அமர்ந்தார். அடுத்து நிதித்துறையே மீண்டும் அவர் கைக்கு வந்தது.

இங்குதான் எழுத்தருக்கும் அமைச்சருக்கும் உள்ள வேறுபாடு கிடக்கின்றது. எழுத்தருக்கு வேலை என்பது பிழைப்பு. அமைச்சருக்கு இருக்கை என்பது நம்பிக்கை. பிழைப்பைப் பறிக்க வேண்டுமாயின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். நம்பிக்கை குலைந்ததென்றால், குற்றம் மெய்ப்பிக்கப்படாவிடினும் இருக்கையை விட்டு எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்பதனால் அவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. சிறைக்குள் போகாதிருப்பதற்கும், பிணை பெறுவதற்கும், வழக்காடுவதற்கும் அவருக்குரிய குற்றமின்மைத் துணிபு முழுமையாக அவரிடமே இருக்கும். அமைச்சராக இருக்கும் உரிமை மட்டும் அத் துணிபில் அடங்கியதன்று. ஏனெனில் அது எவருடைய உரிமையும் அன்று.

ஆனால் நம் நாட்டில் நடப்பது என்ன? தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம்; பிறர் முதுகைப் பார்ப்பதற்குமுன் நம் முதுகைப் பார்த்துக்கொள்வது நல்லது. 2000 அக்தோபரில் டான்சி நில வழக்கில் செயலலிதா தண்டனை பெற்றார். தேர்தலில் நிற்கவும் தகுதி இழந்தார். ஆயினும் 2001 மே 14-ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். குற்றமின்மைத் துணிபையும் மக்கள் தீர்ப்பையும் ஒருங்கே காட்டி அதற்கு விளக்கம் சொன்னார்கள். தகுதி இழந்தவர் முதலமைச்சராய் இருத்தல் ஆகாதென்று 2001 செப்தம்பர் 21-ஆம் நாள் உச்ச நயன்மன்றம் இறக்கியது. திசம்பரில் உயர் நயன்மன்றம் அவரை விடுதலை செய்தது. 2002 மார்ச்சில் மீண்டும் அமர்ந்தார். சட்டப்படி எல்லாம் சரி. மேல்முறையீட்டின் ஒவ்வொரு படியும் அவருக்குத் திறந்திருந்தது, திறந்திருக்கவும் வேண்டும்.

அதே முதலமைச்சரின் அரசுதான் 2003 சூலை முதல் வாரத்தில், வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது! குற்றச்சாட்டுக் குறிப்பாணை இல்லை, உசாவல் இல்லை, விளக்கம் கேட்கவில்லை. விரைவுச் சட்டம் ஒன்றே போதுமானதாயிற்று. வேலைநிறுத்தத்தில் இல்லாமல் மருத்துவமனையில் படுத்திருந்தவர் யார், மகப்பேற்று விடுப்பில் இருந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கவும் நேரமில்லை போலும். அவ்வாண்டு ஆகத்து 6-ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நயன்மன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை சட்டப்படியும் இல்லை, அறப்படியும் இல்லை என்று கூறியது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். தண்டனை முதலில், மன்னிப்பு அடுத்து, குற்றம் என்ன என்னும் கேள்வி எப்போதுமே இல்லை. தனி ஒருவருக்கு மூன்று நயன்மன்றங்களின் வாயில்கள் திறந்திருந்த நாட்டில், ஒன்றே முக்கால் இலக்கம் பேருக்கு ஒரு கடிதத்தாள்கூடக் கிடைக்கவில்லை.

இது ஒரு கட்சியின் செயல் என்று மறுகட்சியார் மகிழ்ந்துவிட வேண்டா. பேருந்துத் துறை அமைச்சர் என்று சொன்னோமே, அவரைப் பார்ப்போம். 2011 முதல் 2015 வரை அத்துறை அமைச்சராயிருந்த செந்தில் பாலாசி மீது, ஓட்டுநர், நடத்துநர், பொறியாளர் முதலிய வேலைகளுக்குப் பணம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. பின்பு கட்சி மாறினார். 2021-இல் அங்கும் அமைச்சரானார். பணம் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் தமக்குள் உடன்பட்டுவிட்டனர் என்று சொல்லி ஒரு வழக்கு உயர் நயன்மன்றத்தில் முடித்துவைக்கப்பட்டது. ஊழல் என்பது இருவர் பேசித் தீர்த்துக்கொள்ளும் கடன் வழக்கன்று என்று 2022 செப்தம்பர் 8-ஆம் நாள் உச்ச நயன்மன்றம் அதனை உயிர்ப்பித்தது. 2023 சூன் 14-ஆம் நாள் நடுவணரசின் செயலாக்கத் துறை, நாளேடுகள் அமலாக்கத்துறை என்று எழுதுவது, அவரைத் தளைப்படுத்தியது. அதன்பின் எட்டுத் திங்கள், எந்தத் துறையும் இல்லாத அமைச்சராகவே சிறையில் இருந்தார். அதனால் எப்பயனும் இல்லையென்று சென்னை உயர் நயன்மன்றமே வருந்திச் சொல்லிற்று. 2024 பிப்பிரவரியில் விலகினார். 471 நாள் சிறைக்குப் பின் செப்தம்பர் 26-ஆம் நாள் பிணை கிடைத்தது; மூன்றாம் நாளே மீண்டும் அமைச்சர்! இருக்கையா, பிணையா என்று உச்ச நயன்மன்றம் கேட்ட பிறகுதான் 2025 ஏப்பிரலில் இறங்கினார்.

தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளி அல்லர். இதை நாம் ஒப்புக்குச் சொல்லவில்லை, உறுதியாகவே சொல்கின்றோம். ஆனால் அவ்வழக்கில் வேறு சிலரும் இருக்கின்றார்கள். பணம் கொடுத்ததாகச் சொல்லப்படுபவர்களையும் சேர்த்துக் குற்றஞ் சாட்டப்பட்டவர்களின் தொகை 2,000-ஐத் தாண்டியது. 2025 சூலையில் உச்ச நயன்மன்றம், இவர்களை நிறுத்தி உசாவ ஒரு மட்டைப்பந்துத் திடல் வேண்டும் போலிருக்கின்றதே என்று எள்ளியது. அமைச்சர் வாழ்நாளுக்குள் வழக்கு முடியாமலிருக்கவே இந்த ஏற்பாடோ என்றும் ஐயுற்றது. கையூட்டுக் கொடுப்பதும் குற்றந்தான். ஆனால் தாலியை விற்றும் காணியை அடகு வைத்தும் மகனுக்கொரு நடத்துநர் வேலை வாங்க முயன்ற உழவனும், அமைச்சரும் ஒரே பட்டியலில் நிற்கின்றார்கள். அமைச்சருக்கு நாட்டின் தலையாய வழக்குரைஞர்கள் இருக்கின்றார்கள். அந்த உழவன் மகன் அரசு வேலைக்கு எழுதிப்போடும் ஒவ்வொரு படிவத்திலும், ‘உம்மீது குற்றவழக்கு உள்ளதா?’ என்னும் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதவேண்டும். வழக்கு எத்துணை ஆண்டு நீள்கின்றதோ அத்துணை ஆண்டும் ‘ஆம்’. அவனுக்குரிய குற்றமின்மைத் துணிபு எங்கே?

அப்படியானால் 130-ஆம் திருத்தம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. அமைச்சர் இறங்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. எவர் சொல்லி இறங்க வேண்டும் என்பதில்தான் மாறுபாடு. முப்பது நாள் சிறை என்பது நயன்மன்றத்தின் தீர்ப்பன்று; தளைப்படுத்தும் துறையின் கைவினை. சட்டப்புறம்பான பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்படி பிடிக்கப்பட்டவர், தாம் குற்றமற்றவராய் இருக்கக்கூடுமென்று நயன்மன்றம் நம்புதற்குரிய சான்றைக் காட்டினாலன்றிப் பிணை பெறல் அரிது. 2022 சூலை 27-ஆம் நாள் உச்ச நயன்மன்றமும் அக் கட்டுப்பாட்டை ஏற்றுவிட்டது. குற்றமின்மைத் துணிபே அங்குக் குப்புறக் கிடக்கின்றது. அச் சட்டத்தின் கீழ் முப்பது நாள் என்பது ஒரு பொருட்டா? அத்துறை எவர் கையில் உள்ளது? தில்லியில் எவர் ஆண்டாலும் அவர் கையில். ஆக, ஒரு மாநில முதலமைச்சரை இறக்க இனி வாக்காளர் வேண்டா, சட்டமன்றம் வேண்டா, ஒரு துணை இயக்குநரும் ஓர் ஊர்தியும் போதும் என்றாகிவிடும். தில்லி முதலமைச்சராயிருந்த கெசுரிவால் 2024-இல் ஆறு திங்கள் அளவும் சிறையிலிருந்துகொண்டே இருக்கையை விடாதிருந்தது நமக்கு உவப்பன்று. அதற்காக மாநிலங்களின் கழுத்தில் இக் கயிற்றை மாட்டுதல் ஒப்பத்தக்கதன்று.

வேறு வழி இல்லாமலில்லை. காவல்துறையின் பக்கம் மட்டுமன்றி, இருபக்கமும் கேட்டு, வழக்கிற்கு அடிப்படை உண்டென்று நயன்மன்றம் குற்றச்சாட்டு வரைகின்ற நாளே ஏற்ற எல்லை. அந்நாளில் அமைச்சர் விலகட்டும். விடுதலை பெற்றால் திரும்பட்டும். 2014 ஆகத்து 27-ஆம் நாள் உச்ச நயன்மன்றம் இத்தகையோரை அமைச்சராக்குவது தகுமா என்பதைத் தலைமையமைச்சர், முதலமைச்சர்தம் மனச்சான்றுக்கே விட்டுவிட்டது. மனச்சான்று என்பது நம் அரசியலில் எவ்வளவு மலிவான சரக்கு என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டிவிட்டன.

எழுத்தருக்கும் தொழிலாளிக்கும் என்ன செய்வது? 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம், தொழிற்சாலையின் ஒழுங்கு விதிகளைப் பெரும்பாலான தொழிலாளர் அறிந்த மொழியிலும் வாயிலில் எழுதி வைக்கச் சொன்னது. ஆனால் குற்றச்சாட்டு மட்டும் ஆங்கிலத்திலேயே வந்துகொண்டிருந்தது. தன்மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கின்றது என்பதைப் பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவனிடம் காட்டிப் படித்துத் தெரிந்துகொள்ளும் தொழிலாளி, அதற்கு எவ்வாறு மறுமொழி சொல்வான்? குற்றச்சாட்டும் உசாவல் நடவடிக்கைகளும் தமிழிலே அமையாதவரை தமிழ்நாட்டில் எந்த உசாவலும் முறையான உசாவல் ஆகாது. இதில் மொழிப்பற்று ஒருபுறம் இருக்கட்டும். முதலில் இது நயன்மை.

அந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டம் நூறு பேர் வேலை செய்யும் இடங்களுக்குச் சென்றது. 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பு அந்த எண்ணை முந்நூறாக உயர்த்திவிட்டது. இடைநீக்கம் செய்தால் தொண்ணூறு நாளில் உசாவலை முடிக்க வேண்டும் என்று அதில் ஒரு நல்ல வரி இருக்கின்றது. ‘வழக்கமாக’ என்னும் சொல்லை உடன்சேர்த்து அதன் பல்லைப் பிடுங்கியும் இருக்கின்றார்கள். 1981-இல் தமிழ்நாடு இயற்றிய பிழைப்பூதியச் சட்டம் முதல் தொண்ணூறு நாளுக்குப் பாதி, அடுத்த தொண்ணூறு நாளுக்கு முக்கால், அதன்பின் முழு ஊதியம் என்று வகுத்தது. நடுவணரசின் தொகுப்போ முக்காலோடு நின்றுவிடுகின்றது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவுமில்லை. ‘நாளை வரவேண்டா’ என்னும் இரண்டு சொல்லே அவருக்குக் குற்றச்சாட்டும், உசாவலும், தீர்ப்பும்.

தலைமையமைச்சரின் கேள்விக்குத் தமிழ்நாட்டு அரசு, அது எக் கட்சியின் அரசாயினும், ஒரு மறுமொழி சொல்ல முடியும். 17(உ) விதியைத் திருத்தத் தில்லியின் இசைவு வேண்டா. அரசியலமைப்பின் 309-ஆம் கூறு மாநிலத்திற்கே அவ்வுரிமையைத் தந்துள்ளது. ‘நாற்பத்தெட்டு மணிநேரம்’ என்னும் சொற்களை நீக்கிவிட்டு, குற்றம் அவர்தம் பணியோடு தொடர்புடையதா, அவர் பணியிலிருந்தால் சான்று கெடுமா என்னும் இரண்டையும் ஆராய்ந்து, காரணத்தைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட ஆணையின்றி எவரையும் இடைநீக்கம் செய்யலாகாது என்று எழுதட்டும். ஓர் அரசாணை, ஒரு தாள். 2003-இல் ஒன்றே முக்கால் இலக்கம் பேரை ஒரு வாரத்தில் வெளியேற்ற முடிந்த தலைமைச் செயலகத்திற்கு, இதை எழுத ஒரு பிற்பகல் போதும்.